டெமோவில் இருப்பது நம் சேலை இல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வெள்ளைச் சுவர், ஓரத்தில் ஒரு பூந்தொட்டி, நடுவில் லினன் சட்டை போட்ட வெளிநாட்டுப் பெண், கீழே மெல்லிய ஆங்கில எழுத்தில் இரண்டே சொல். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “தம்பி, நம்ம கடையும் இதே மாதிரி இருக்கணும். முந்நூறு டாலருக்கு மேல ஆகுமாம். பரவாயில்ல, போட்டுரலாம்.”

அண்ணி மதுரையில் வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறார். நாலு வருடமாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் கடை. ஆள் கேட்பார், இவர் படம் அனுப்புவார், அவர் யுபிஐயில் பணம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார், இவர் கூரியர் ரசீதை அனுப்புவார். ஒரே சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்கும் நிலைமை மாதம் ஒருமுறையாவது வந்ததால்தான் இணையக் கடை பேச்சே எழுந்தது. இணையதளம் செய்வது என் பிழைப்பு என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் காட்டியது, இணையக் கடை நடத்த இடம் தரும் ஷாப்பிஃபை என்ற சேவையில் விற்கும் ஒரு காசுத் தீமின் டெமோ. தீம் என்பது கடைக்குத் தோற்றம் தரும் தயார் வார்ப்பு, டெமோ அதை விற்கக் காட்டும் மாதிரிக் கடை. அங்கே ஒரு நல்ல வசதி உண்டு: காசுத் தீமையும் நம் கடையில் சும்மா ஏற்றிப் பார்க்கலாம், கடையாக வெளியிடும்போதுதான் பணம். ஏற்றினேன். லினன் சட்டைப் பெண்ணை எடுத்துவிட்டு அண்ணியின் கைபேசியில் இருந்த ஐந்து படங்களைப் போட்டேன். மொட்டைமாடிக் கொடியில் தொங்கும் சேலை, பின்னால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. கட்டிலில் விரித்த சேலை, ஓரத்தில் யாரோ ஒருவருடைய கால் விரல். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கத்திரிப்பூ நிறம் சாம்பலாகிப்போன இன்னொன்று. அண்ணி போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “இது அது இல்லையே” என்றார்.

அதேதான். டெமோவில் நாம் ஆசைப்படுவது பெரும்பாலும் தீமை அல்ல, புகைப்படக்காரரை. தீம் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தன்னிடம் இருக்கும் சுமாரான ஐந்து படங்களை அதில் போட்டுப் பார்ப்பது. நல்ல படங்களைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நல்ல படம் எந்தத் தீமிலும் நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து அவருடைய பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை ஒரு மணி நேரம் உருட்டினோம். வாங்குகிறவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஐந்தே கேள்வி. கையால் முடிச்சுப் போட்டதா, பிரிண்டா? சாயம் போகுமா? பிளவுஸ் பிட் இருக்கிறதா? முந்தி எப்படி இருக்கும்? எத்தனை நாளில் வரும்? இதில் முதல் கேள்விதான் கனமானது. மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெண்கள் துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்க்கும்போது வரும் புள்ளிகள்தான் சுங்குடி. கடைத்தெருவில் அச்சு அடித்த புள்ளியும் சுங்குடி என்ற பெயரில்தான் விற்கிறது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. அந்த வித்தியாசத்தைத் திரையில் காட்ட முடியாத தீம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அண்ணிக்கு உதவாது. தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கம் இந்த ஐந்தையும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டோம். அதன் பிறகுதான் எந்தத் தீம் என்று பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில் இடம், பிறகுதான் தீம்

தீமைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஷாப்பிஃபை தீம் ‘லிக்விட்’ என்ற அவர்களுடைய மொழியில் எழுதப்பட்டது. அதைத் தூக்கி, இணையதளம் கட்டும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் போட முடியாது. வேர்ட்பிரஸ் தீமும் அப்படியே. எனவே தீமுக்கு ஆசைப்பட்டால் அது குடியிருக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறோம்.

ஷாப்பிஃபை, கனடாவின் ஒட்டாவாவில் ஸ்னோபோர்டு விற்கக் கடை போட்டவர், கையில் கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தானே எழுதிக்கொண்டதில் பிறந்தது. 2006-ல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். மாதக் கட்டணம் கட்டினால் சர்வர், பாதுகாப்பு, பேக்கப் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் ஊருக்கு ஒரு குறை உண்டு. ஷாப்பிஃபையின் சொந்தப் பணப் பரிமாற்றச் சேவை இந்தியாவில் இல்லை. ரேசர்பே, பேயு போன்ற வேறு கேட்வேயைத்தான், அதாவது பணம் வசூலித்துத் தரும் சேவையைத்தான் இணைக்க வேண்டும். இணைத்தால் அந்த கேட்வே எடுக்கும் தொகைக்கு மேல், ‘பேசிக்’ என்ற மாதத் திட்டத்தில் ஷாப்பிஃபை ஒரு 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 1,200 ரூபாய்ச் சேலைக்கு 24 ரூபாய். மாதம் ஐம்பது சேலை என்றால் 1,200 ரூபாய், அதாவது ஒரு சேலை அவர்களுக்குப் போகிறது என்று அண்ணி உடனே கணக்குச் சொல்லிவிட்டார்.

வூகாமர்ஸ் 2011-ல் வந்தது, 2015 முதல் ஆட்டோமாட்டிக் நிறுவனத்தின் கையில். வேர்ட்பிரஸ்ஸில் கடை வசதியைச் சேர்க்கிற இலவச பிளகின், அதாவது துணை மென்பொருள். 2 சதவீதம் கிடையாது. ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), அப்டேட், பேக்கப், ஏதாவது உடைந்தால் இரவு பதினோரு மணிக்கு யார் பார்ப்பது, இதெல்லாம் நம் பாடு. அண்ணி விஷயத்தில் “நம்” என்றால் நான். நான் ஊரில் இல்லாதபோது? தீம் ஒப்பீட்டில் யாரும் இந்தக் கேள்வியைச் சேர்ப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

இலவச ‘டான்’

ஷாப்பிஃபையின் இலவசத் தீம்களில் பலருக்கும் தெரிந்தது ‘டான்’. 2021-ல் ‘ஆன்லைன் ஸ்டோர் 2.0’ என்ற பெரிய மாற்றத்தோடு மாதிரித் தீமாக வந்தது. அதற்கு முன்னால், பக்கத்தின் பகுதிகளான செக்‌ஷன்களை இழுத்து அடுக்கும் வசதி முகப்புப் பக்கத்துக்கு மட்டும்தான். பொருள் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி சேர்க்க வேண்டுமென்றாலும் நிரலைத் தொட வேண்டியிருந்தது. 2021-க்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் அடுக்கலாம். 2025-ல் ‘ஹொரைசன்’ என்று அடுத்த தலைமுறை வந்திருக்கிறது, பிளாக்குக்குள் பிளாக் வைக்கலாம். எனக்குப் பிடித்திருந்தது. அண்ணிக்கு எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதே புரியவில்லை. அவர் தானே திறந்து மாற்ற வேண்டிய கடை என்பதால் ‘டான்’ பக்கம் திரும்பினோம்.

டானில் எனக்குப் பிடித்த ஒரு செட்டிங்கைச் சொல்கிறேன். பொருள் பட்டியலில் படத்தின் வடிவம்: சதுரம், நெட்டு, அல்லது படம் எப்படியோ அப்படியே. பல தீம்கள் எதைக் கொடுத்தாலும் சதுரமாக வெட்டிவிடும். சட்டைக்கு அது பரவாயில்லை. சேலையில் சதுரமாக வெட்டினால் முதலில் போவது கரை, அடுத்தது முந்தி. சேலை வாங்குகிறவர் பார்ப்பதே அந்த இரண்டையும்தான். நெட்டு என்று வைத்தவுடன் கரை திரும்பி வந்தது. வூகாமர்ஸிலும் இதே வசதி இருக்கிறது. அங்கே சதுரம்தான் இயல்பாக இருக்கும், நாம் போய் மாற்ற வேண்டும்.

இன்னொரு செட்டிங், மவுஸை மேலே கொண்டுபோனால் இரண்டாவது படம் தெரிவது. கம்ப்யூட்டரில் காட்டினால் எல்லோரும் “அட!” என்பார்கள். அண்ணியிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் கைபேசிக்காரர்கள். அதில் மவுஸும் இல்லை, அட-வும் இல்லை. முந்தியின் படம் அந்த இரண்டாவது படத்தில் ஒளிந்துகிடந்தால் யார் கண்ணிலும் படாது. அதனால் முந்தியையே முதல் படமாக்கினோம்.

டானின் குறை என்று எல்லோரும் சொல்வது, “ஊரெல்லாம் இதே தீம்தான்.” இருக்கட்டுமே. திருநகரிலோ கோலாலம்பூரிலோ சேலை பார்க்கும் அக்காவுக்கு டான் எது என்று தெரியாது. அந்தக் கவலை எங்களைப் போல் தளம் செய்கிறவர்களுக்கு மட்டும்தான். உண்மையான குறை வேறு: பெரிய மெனு, லுக்புக் (ஆடைகளை உடுத்திக் காட்டும் படத்தொகுப்பு) பக்கம் போன்றவற்றில் அது எளிமையானது. இரண்டாயிரம் பொருள் இருக்கும் கடைக்கு மூச்சு வாங்கும். அண்ணியிடம் இருப்பது நூற்றைம்பது சேலை.

காசுத் தீமில் என்ன வருகிறது

ஷாப்பிஃபை காசுத் தீம்கள் பெரும்பாலும் 180 முதல் 400 டாலருக்குள். ஒரே தடவை கட்டினால் போதும், ஆனால் ஒரு உரிமம் ஒரு கடைக்கு மட்டும். அண்ணி ஆசைப்பட்ட தீமின் வசதிகளை வரிசையாக எழுதி, காலண்டர் தாளில் இருந்த ஐந்து கேள்விகளுக்கு நேராக வைத்தோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும், கேள்வி-பதிலுக்கு மடக்குப் பெட்டியும் மட்டும்தான் பொருந்தின. இரண்டும் டானிலேயே இருக்கின்றன.

பொருந்தாமல் மிச்சம் இருந்ததில் ஒரு பகுதி எனக்கு எரிச்சலூட்டியது. நேரம் குறைந்துகொண்டே போகும் கடிகாரம். “இன்னும் 2 மட்டுமே.” “இப்போது 27 பேர் பார்க்கிறார்கள்.” இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று செட்டிங்ஸில் தேடினால், குறைந்தபட்சம் இத்தனை, அதிகபட்சம் இத்தனை என்று நாமே போடும் பெட்டி ஒன்று சில தீம்களிலும் ஆப்களிலும் இருக்கும். அதாவது பொய் எண். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் எதையாவது சேர்த்துவிடுவது இன்னொன்று. நாலு வருடமாகப் பெயர் தெரிந்தவர்களுக்கு விற்கும் அண்ணிக்கு இந்தக் கடிகாரம் எதற்கு? கையால் முடிச்சுப் போட்ட சேலை உண்மையிலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கும். “இது ஒன்றுதான்” என்று எழுதினால் அது உண்மை. பக்கத்தில் கடிகாரமும் ஓடினால் அந்த உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

காசுத் தீம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பொருள், அளவு, நிறம் என்று கிளை பிரியும் ஆடைக் கடைக்கு, நல்ல மெனுவும் வடிகட்டியும் தீமிலேயே இருந்தால் நாலு ஆப்புக்கு மாதாமாதம் அழுவது மிச்சம். அங்கே முந்நூறு டாலர் ஒரே வருடத்தில் திரும்பிவிடும். அந்தக் கணக்குப் போடாமல் முகப்புப் பேனரைப் பார்த்து வாங்குவதுதான் தப்பு.

வூகாமர்ஸ் பக்கம்

என் நண்பன் வீட்டில் பொடியும் ஊறுகாயும் விற்கிறார்கள். அவர்களுக்கு நான் வூகாமர்ஸ்தான் போட்டேன். காரணம் தீம் அல்ல. அவன் அம்மா ஆறு வருடமாக வேர்ட்பிரஸ்ஸில் சமையல் குறிப்பு எழுதுகிறார். பருப்புப்பொடி செய்முறை தேடி வருகிறவருக்கு அந்தப் பக்கத்திலேயே பருப்புப்பொடியை விற்கலாம். அந்த வாசகர்களை விட்டுவிட்டு வேறு இடத்தில் புதுக்கடை போடுவது மடத்தனம்.

இங்கே தீம் தேர்வு கொஞ்சம் குழப்பமானது, ஏனென்றால் வேர்ட்பிரஸ்ஸில் இப்போது இரண்டு வம்சம். பழைய வம்சம், ‘கஸ்டமைசர்’ என்ற பக்கப் பலகையில் நிறம், எழுத்து, தலைப்பகுதி என்று மாற்றும் தீம்கள். வூகாமர்ஸ்காரர்களே தரும் ‘ஸ்டோர்ஃப்ரன்ட்’, புனேயில் இயங்கும் பிரெய்ன்ஸ்டார்ம் ஃபோர்ஸ் செய்த ‘அஸ்ட்ரா’ எல்லாம் இந்த வகை. புதிய வம்சம், 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9-க்குப் பிறகான பிளாக் தீம்கள். தலை முதல் அடிவரை எல்லாமே பிளாக், எல்லாவற்றையும் இழுத்து மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்ற முடிவதுதான் அதன் அபாயமும். நண்பனின் அம்மா ஒருநாள் தெரியாமல் அடிப்பகுதியையே அழித்துவிட்டு, “கடைக்கு அடி இல்லாம நிக்குதுடா” என்று போன் செய்தார். பழைய பதிப்பை மீட்க இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. ஆனாலும் அவருக்கு ஸ்டோர்ஃப்ரன்ட்டையே திரும்பப் போட்டுக்கொடுத்தேன். பழசு, அழகுப் போட்டிக்குப் போகாது, சண்டித்தனமும் செய்யாது.

இந்த வகைத் தீமில் மாற்றம் செய்ய ஒரு ஒழுங்கு உண்டு: சைல்டு தீம். மூலத் தீமைத் தொடாமல், பக்கத்தில் ஒரு குட்டித் தீம் செய்து, நம் மாற்றங்களை அதில் மட்டும் எழுதுவது. மூலம் அப்டேட் ஆனாலும் குட்டி அப்படியே இருக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடைக்கு மூலத் தீமின் கோப்பிலேயே எல்லா மாற்றத்தையும் எழுதினேன். இரண்டு வாரம் உழைத்து ஆடித் தள்ளுபடிக்குக் கடை திறந்தோம். நாலாம் நாள் கடைக்காரர், அப்டேட் என்று சிவப்பாக ஒரு எண் தெரிகிறதே என்று நல்லபிள்ளையாக அழுத்தினார். கடை புதுக்கல்யாணத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சைல்டு தீம் இருந்தாலும் முழுக்க நிம்மதி கிடையாது. வூகாமர்ஸின் பொருள் பக்கக் கோப்பை நம் குட்டித் தீமுக்குள் நகலெடுத்து மாற்றினால், வூகாமர்ஸ் தன் மூலத்தை மாற்றும்போது நம் நகல் பழசாகிவிடும். வூகாமர்ஸின் ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் கீழே போனால் எந்தெந்தக் கோப்பு காலாவதி என்று பட்டியல் இருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். முடிந்தவரை கோப்பை நகலெடுக்காமல், ஹூக் (மூலத்தைத் தொடாமல் நம் நிரலை மாட்டும் கொக்கி) வழியாகவோ சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்றும் நிரல்) வழியாகவோ முடித்துக்கொள்வது என் பழக்கம்.

எல்லாம் இருக்கும் தீம்

தீம்கள் விற்கும் தீம்ஃபாரஸ்ட் சந்தையில் ‘ஃபிளாட்சம்’, ‘வுட்மார்ட்’ போன்ற பெயர்கள் பிரபலம். சுமார் 60 டாலர், கூடவே ஆறு மாத உதவி. டஜன் கணக்கில் டெமோக்கள், பக்கம் கட்டும் கருவி எல்லாம் ஒரே பொட்டலத்தில். நன்றாகப் பராமரிக்கப்படுகிறவை உண்டு. நானும் இரண்டு கடைகளுக்குப் போட்டிருக்கிறேன்.

இவற்றில் கவனிக்க வேண்டியது வெளியேறும் வழி. தீமோடு வரும் கருவியில் பக்கங்களைக் கட்டிவிட்டு, மூன்று வருடம் கழித்துத் தீமை மாற்றினால், சில கருவிகள் பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிகளைக் குப்பையாக விட்டுவிட்டுப் போகும். எல்லாப் பக்கத்தையும் திரும்பக் கட்ட வேண்டும்.

இதே தீம்களின் ‘நல்ட்’ பதிப்பு, அதாவது உரிமப் பூட்டை உடைத்த நகல், டெலிகிராமில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சும்மாவும் கிடைக்கிறது. வேர்ட்பிரஸ் உரிமம் பகிர அனுமதிக்கிறதே என்று வாதம் செய்வார்கள். உரிமத்தை விடுங்கள், நடுவில் யார் கை பட்டது என்பதுதான் கேள்வி. அப்படிப் போட்ட ஒரு கடையைச் சரிசெய்யப் போனேன். கடைக்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. கூகுளில் அவர் கடைப் பெயரைத் தேடினால் கீழே வரிசையாகச் சூதாட்டத் தளங்களின் இணைப்புகள். தேடுபொறி வரும்போது மட்டும் வேறு பக்கம் காட்டும் நிரல் தீமுக்குள் இருந்தது. வாங்குகிறவர் அட்டை எண் தட்டும் இடத்தில் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருந்தால் என்ன ஆகும்?

தமிழ் எழுத்தைப் போட்டவுடன்

எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இல்லாத பகுதி இது. அண்ணியின் கடையில் சேலைப் பெயர்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ‘கத்திரிப்பூ உடல், மஞ்சள் கரை’ என்றால் வாங்குகிறவருக்குக் கண்ணில் தெரியும். ‘பர்ப்பிள் வித் எல்லோ பார்டர்’ என்றால் எந்தப் பர்ப்பிள்?

டெமோவின் அந்த மெல்லிய எழுத்துருவில் தமிழே கிடையாது. தமிழைத் தட்டியவுடன் அந்தந்தக் கருவி தன்னிடம் இருக்கும் எழுத்தைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். ஒரே கடை மூன்று இடத்தில் மூன்று முகம். எனவே ஒரு தமிழ் எழுத்துருவை நாமே ஏற்றிவிடுவது நல்லது. முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். பெயருக்காகவே ஹிந்த் மதுரையை எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். சாதாரணம், தடித்தது என இரண்டு மட்டும் ஏற்றினால் போதும். ஒவ்வொரு தடிமனும் தனிக் கோப்பு, ஒவ்வொன்றும் கடையைக் கொஞ்சம் தாமதமாக்கும்.

அடுத்து வரி இடைவெளி. ஆங்கிலத் தலைப்புக்காக நெருக்கி வைத்த வரிகளில் ‘கூ’வின் வால் அடுத்த வரி ‘கீ’யின் மேல்சுழியில் இடித்தது. ஒன்றரை மடங்குக்குத் தளர்த்தியதும் மூச்சு விட்டது. பிறகு எழுத்து இடைவெளி. டானில் பட்டன்களிலும் உடல் எழுத்திலும் எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் அது நாகரிகம். தமிழில் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. பூஜ்யமாக்கினேன். இரண்டும் சேர்த்துப் பத்துக்கும் குறைவான வரி சிஎஸ்எஸ். தீம் எடிட்டரிலேயே அதற்கென்று பெட்டி இருக்கிறது, மூல நிரலைத் தொட வேண்டியதில்லை.

பட்டன் சொல்லில்தான் அரை மணி நேரம் போயிற்று. தீமின் சொற்களை நாமே மாற்றிக்கொள்ளும் பக்கம் ஷாப்பிஃபையில் உண்டு. ‘கூடையில் சேர்க்கவும்’ கைபேசியில் இரண்டு வரியாக உடைந்தது. ‘கூடையில் சேர்’ என்று சுருக்கினேன். “வயசுல பெரியவங்கள சேர்னு சொல்றதா?” என்றார் அண்ணி. ‘கூடையில் சேர்க்க’ என்று முடிந்தது. ஒரே வரியில் நின்றது, மரியாதையும் கெடவில்லை.

காசுத் தீமில் இதே சோதனையைச் செய்தபோது, பொருள் அட்டையில் பெயரை ஒரே வரியோடு வெட்டி மூன்று புள்ளி வைத்தது. ‘கத்திரிப்பூ உடல், மஞ்…’ முந்நூறு டாலர் பேச்சு அன்றோடு நின்றது.

தீம் தொடாத இடங்கள்

தீமை எவ்வளவு மாற்றினாலும் ஷாப்பிஃபையில் பணம் கட்டும் பக்கம் தீமின் எல்லைக்கு வெளியே. லோகோ, நிறம், எழுத்துரு மாற்றலாம். படிவத்தின் அமைப்பையே மாற்றுவது பெரிய நிறுவனங்களுக்கான பிளஸ் திட்டத்தில்தான். நம் ஊர் முகவரிக்கு “பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து” என்று எழுத ஒரு வரி வேண்டும். இரண்டாவது முகவரி வரியின் பெயரை ‘அருகில் உள்ள அடையாளம்’ என்று மாற்றிச் சமாளித்தேன். வூகாமர்ஸில் கூடுதல் கட்டமே சேர்க்கலாம். ஆனால் 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பு முதல் புதிய கடைகளுக்குப் பணம் கட்டும் பக்கம் (செக்அவுட்) பிளாக் முறையில்தான் இயல்பாக இருக்கும், பழைய முறைக்காக எழுதிய பிளகின்கள் பல அதில் வேலை செய்யாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பகுதி எந்தத் தீமிலும் ஒன்றுதான், ஆனால் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். 2020-ன் மின்வணிக விதிகள்படி கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்க்கும் அலுவலரின் பெயர் எல்லாம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அண்ணி கடையின் குறைதீர்க்கும் அலுவலர் என் அண்ணன். பதவி வந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

வேகத்துக்கு ஒரே ஒரு சோதனை செய்தேன். கடையைத் திறந்து காட்டப் புது போனை எடுக்காமல், அம்மாவின் பழைய போனில், வைஃபையை அணைத்து, தெப்பக்குளத்திலிருந்து பெரியார் போகும் பஸ்ஸில் பார்த்தேன். கூகுள் நல்லது என்று சொல்லும் அளவு, பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வருவது. காசுத் தீமில் ஓடும் பேனர் பாதி வந்து, மிச்சம் வருவதற்குள் கீழே இருந்த பட்டன் ஒரு விரல் அளவு நகர்ந்துவிட்டது. கட்டைவிரல் வேறு எங்கோ பட்டு, வேறு பக்கம் திறந்தது. டானில் ஓடும் பேனரை வைக்காமல் ஒரே படம் வைத்தபோது எதுவும் நகரவில்லை. பஸ் சிமெண்ட் ரோட்டில் ஏறும்போது நகர்ந்தது நான்தான்.

ஆக, அண்ணிக்கு ஷாப்பிஃபையும் இலவச டானும். 2 சதவீதம் போவது உறுத்தல்தான், ஆனால் நான் ஊரில் இல்லாத அன்றும் கடை திறந்திருக்கும். பொருள் பக்கத்தில் ஐந்து கேள்விக்கும் ஐந்து மடக்குப் பெட்டி. ‘கைமுடிச்சு’, ‘அச்சு’ என்று தெளிவாக எழுதிய ஒரு வரி, விலைக்கு நேர் கீழே. ஒவ்வொரு கைமுடிச்சுச் சேலைக்கும் கடைசிப் படமாக, முடிச்சு அவிழ்க்கும் முன் துணி சுருங்கிக் கிடக்கும் நிலை. எந்த டெமோவிலும் அந்தப் படத்துக்கு இடம் வைத்திருக்கவில்லை.

தீமுக்கென்று ஒதுக்கிய பணத்தில் அண்ணி ஒரு முக்காலி ஸ்டாண்டும் நாலு முழ வெள்ளைத் துணியும் வாங்கினார். காலை எட்டு மணி வெயிலில் மொட்டைமாடியில் அந்தத் துணியைத் திரையாகக் கட்டிச் சேலைகளைத் திரும்பப் படம் எடுக்கிறார். நூற்றைம்பதில் அறுபது முடிந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி எதிலும் இல்லை. ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் அண்ணனின் கால் விரல் தெரிகிறது. அதைத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.